தொண்ணூறு ஆண்டுகளாக அசையாத 67

அமெரிக்க பேஸ்பாலில் ஒரு பருவத்துக்கான ஹோம் ரன் சாதனை பலமுறை கைமாறியிருக்கிறது. 1927-ல் பேப் ரூத் 60 அடித்தார். 1961-ல் ரோஜர் மாரிஸ் 61, 1998-ல் மார்க் மெக்வயர் 70, 2001-ல் பாரி பாண்ட்ஸ் 73. ஆனால், 1931-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் ஏர்ல் வெப் அடித்த 67 டபுள்களை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை. இத்தனைக்கும் அன்று பருவத்துக்கு 154 ஆட்டங்கள்; இன்று 162.

ஒரே அடியில் இரண்டாவது பேஸ் வரை ஓடிச் சேர்வதுதான் டபுள். ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் 90 அடி தூரம். ஆக, முதல் பேஸில் வளைந்து திரும்பி மொத்தம் 55 மீட்டர் ஓட வேண்டும். நல்ல வேகக்காரருக்கே ஏறத்தாழ எட்டு விநாடி பிடிக்கும். அதற்குள் ஃபீல்டர் பந்தைத் துரத்திப் பிடித்து எறிந்து, இரண்டாவது பேஸில் அதைப் பிடித்தவர் ஓடிவருபவரைத் தொட்டுவிட்டால் அவுட்.

எனவே பந்து போகும் பாதை முக்கியம். மட்டையை விட்டு 10 டிகிரிக்கும் குறைவாகக் கிளம்பினால் பெரும்பாலும் தரையோடு உருண்டு உள்வட்ட ஃபீல்டர்களிடம் சிக்கும். 10 முதல் 25 டிகிரி வரை என்றால் தாழ்வாகச் சீறிப் பாய்ந்து, வெளிவட்டத்தில் நிற்கும் மூவருக்கு இடையிலோ எல்லைக்கோட்டை ஒட்டியோ விழ வாய்ப்புண்டு. பலமாக அடித்த பந்து 30 டிகிரியை நெருங்கினால் வேலியைத் தாண்டி ஹோம் ரன் ஆகிவிடும். மட்டையும் உருண்டை, பந்தும் உருண்டை. படும் இடம் சில மில்லிமீட்டர் மாறினாலே கோணம் மாறிவிடுகிறது. ஹோம் ரன்னுக்குப் பலம் கூடக் கூட நல்லது. டபுளுக்கோ அது கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும்.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வரில் காற்று அடர்த்தி குறைவு. பந்து கூடுதல் தூரம் போகும். அதை ஈடுகட்ட அங்குள்ள கூர்ஸ் ஃபீல்டில் வேலியைத் தள்ளி வைத்தார்கள். விளைவு, ஃபீல்டர்கள் காக்க வேண்டிய பரப்பு விரிந்தது. பந்து விழ இடைவெளியும் பெருகியது. அந்த மைதானத்தைச் சொந்த மைதானமாகக் கொண்ட டாட் ஹெல்டன் 2000-ல் 59 டபுள்கள் அடித்தார். 2023-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் ஃப்ரெடி ஃப்ரீமேனும் 59-ல் நின்றார்.

அறுபதைத் தொட்டவர்கள் ஆறே பேர்: ஜார்ஜ் பர்ன்ஸ், வெப், பால் வேனர், ஹாங்க் கிரீன்பெர்க், ஜோ மெட்விக், சார்லி கெரிங்கர். எல்லோரும் 1926-க்கும் 1936-க்கும் இடையே தொட்டவர்கள். இன்று மட்டையாளர்கள் பந்தை உயரத் தூக்கி வேலியைத் தாண்டவே பார்க்கிறார்கள், அடித்து ஓடாமலே அவுட்டாகும் ஸ்ட்ரைக்அவுட்டும் பெருகிவிட்டது.

வெப் கதையில் இன்னொரு வியப்பு: வேறெந்தப் பருவத்திலும் அவர் 30 டபுள்களைத் தாண்டவில்லை. மாறாக, வாழ்நாளில் 792 டபுள்களுடன் முதலிடத்தில் இருக்கும் ட்ரிஸ் ஸ்பீக்கரின் மிகச்சிறந்த பருவமே 59 தான். ஒரு பருவத்தின் உச்சத்தில் திறமையோடு அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். ஆட்டக்காரரின் தரத்தை அறிய வேண்டுமானால் 67-ஐ விட 792-ஐத்தான் பார்க்க வேண்டும்.