விமானம் ஏன் விழுந்தது?

நாம் தூங்கும் நேரத்தில் பலர் வேலை செய்கிறார்கள். சிலர் லாரி ஓட்டுகிறார்கள். சிலர் விமானம் ஓட்டுகிறார்கள். பயணிகளை ஏற்றாத விமானங்களும் உண்டு. அவை பார்சல்களை மட்டும் ஏற்றிச் செல்லும். இவைதான் சரக்கு விமானங்கள்.

அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு 14 அன்று நடந்தது இது. லூயிவில் நகரிலிருந்து யு.பி.எஸ். நிறுவனத்தின் சரக்கு விமானம் புறப்பட்டது. அதில் இரண்டு பேர் மட்டுமே இருந்தார்கள். ஒருவர் தலைமை விமானி. மற்றவர் துணை விமானி. பர்மிங்காம் நகரில் இறங்க வேண்டும். மணி 4.47. இன்னும் விடியவில்லை. விமானம் ஓடுபாதையை எட்டவில்லை. மரங்களில் மோதியது. மேட்டில் விழுந்து எரிந்தது. இருவரும் இறந்துபோனார்கள்.

ஏன் இப்படி நடந்தது? அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. முதலில் கறுப்புப் பெட்டிகளைத் தேடினார்கள். பெயர்தான் கறுப்பு. அவற்றின் நிறம் ஆரஞ்சு. அப்போதுதான் இடிபாடுகளில் எளிதாகக் கண்ணில் படும். ஒரு பெட்டி விமானிகளின் பேச்சைப் பதிவு செய்யும். மற்றொன்று உயரம், வேகம் முதலியவற்றைப் பதிவு செய்யும். இரண்டும் கிடைத்தன.

விமானத்தில் பழுது இல்லை. பிறகு என்ன காரணம்?

விமான நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகள். நீளமான பாதையில் விளக்கு வேலை நடந்தது. 5 மணி வரை அதை மூடியிருந்தார்கள். எனவே சிறிய பாதையில் இறங்க வேண்டியதாயிற்று. அந்தப் பக்கம் தரையில் உள்ள கருவி திசையை மட்டுமே காட்டும். எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்று காட்டாது. விமானத்தின் கணினி அதைக் கணக்கிட்டுச் சொல்லும். ஆனால் கணினியைச் சரியாக அமைக்கவில்லை.

தலைமை விமானி இறங்கும் முறையை மாற்றினார். அதைத் துணை விமானியிடம் சொல்லவில்லை. விமானம் நிமிடத்துக்கு 1,500 அடி இறங்கியது. அதாவது, மூன்று வினாடிக்கு ஓர் உயரமான தென்னைமரம் அளவு. மேகமும் எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாக இருந்தது.

பாதை கண்ணில் படாமல் 1,200 அடிக்குக் கீழே வரக்கூடாது. எல்லை நெருங்கும்போது துணை விமானி உரக்கச் சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை. தலைமை விமானியும் கவனிக்கவில்லை.

களைப்பும் ஒரு காரணம் என்று வாரியம் கண்டது. அன்று இருவரும் களைப்பைப் பற்றிப் பேசியிருந்தார்கள். அந்தப் பேச்சும் பெட்டியில் பதிவாகியிருந்தது.

2014இல் விசாரணை முடிந்தது. இரவில் புறப்படும் ஒவ்வொரு முறையும் களைப்பின் ஆபத்தைப் பற்றி விமானிகள் பேசிக்கொள்ள வேண்டும் என்று வாரியம் பரிந்துரைத்தது.

நம் நாட்டிலும் விமான விபத்தை விசாரிக்கத் தனி அமைப்பு உண்டு. யாரையும் தண்டிப்பது இத்தகைய விசாரணையின் நோக்கம் அல்ல. அதே தவறு மீண்டும் நடக்கக் கூடாது என்பதே நோக்கம்.

பேசிப் பாருங்கள்:

1. கறுப்புப் பெட்டியின் நிறம் என்ன? ஏன்?
2. துணை விமானி எதைச் சொல்லத் தவறினார்?
3. உங்கள் ஊரில் இரவு வேலைக்குப் போகிறவர்கள் யார்? அவர்களுக்குப் போதுமான தூக்கம் கிடைக்கிறதா?