கரண்ட் வந்த பிறகும் திறக்காத சுரங்கம்

ராஜபாளையத்தில் அத்தானுக்குப் பேண்டேஜ் துணி வியாபாரம். சத்திரப்பட்டித் தறிகளில் நெய்து வரும் துணியை வெட்டிச் சுருட்டி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற குடோன். கணக்கு பார்ப்பது நான், இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஆனாலும் ஜி.எஸ்.டி. ரிட்டன் போட வேண்டிய 20ஆம் தேதி நெருங்கும்போது ஒரு பில்லைச் சரிபார்க்க இரண்டு முறை அலைந்தால் வேலை கெட்டுவிடும். கணக்கு மென்பொருளான டாலி இருப்பது குடோன் கம்ப்யூட்டரில். அதை வீட்டிலிருந்தே திறப்பதற்காக இரண்டு பக்க ரவுட்டர்களுக்கும் நடுவே ஒரு வி.பி.என். போட்டோம். அதைப் போடும்போது கற்றதைவிட, அது நின்றுபோன நாட்களில் கற்றதுதான் அதிகம்.

எங்கள் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். திருமலை நாயக்கர் ஆண்டாள் கோயிலில் பூஜை முடிந்த பிறகுதான் சாப்பிட உட்காருவாராம். மதுரையில் இருப்பவருக்குப் பூஜை முடிந்தது எப்படித் தெரியும்? வழி நெடுக மண்டபம் கட்டி மணி தொங்கவிட்டார்களாம். ஒரு மண்டபத்து மணி காதில் விழுந்ததும் அடுத்த மண்டபத்தில் அடிப்பார்கள். ஓசை அப்படியே மதுரை போய்ச் சேரும். இணையமும் இதே முறையில்தான் ஓடுகிறது. நம் வீட்டிலிருந்து கிளம்பும் தகவல் ரவுட்டர் விட்டு ரவுட்டர் தாவிப் போகிறது. வீட்டு லைன் ஒரு கம்பெனி, குடோன் லைன் இன்னொரு கம்பெனி என்றால், பக்கத்து ஊருக்குப் போக வேண்டிய தகவல் சென்னை வரை போய்த் திரும்பி வருவதும் உண்டு.

மணி முறையில் இரண்டு குறைகள். வழியில் இருக்கிற எல்லார் காதிலும் ஓசை விழும். நடுவில் யாராவது ஒருவர் பொய்யாக அடித்துவிட்டாலும் மதுரைக்குத் தெரியாது. வி.பி.என். இந்த இரண்டையும் அடைக்கிறது. நாம் அனுப்பும் தகவலைப் பூட்டி, இன்னொரு உறைக்குள் போட்டு, உறையின் மேல் மறுமுனை ரவுட்டரின் முகவரியை மட்டும் எழுதி அனுப்புகிறது. உள்ளே இருப்பது வழியில் யாருக்கும் புரியாது. வேறு ஆள் கலந்து அனுப்பினால் மறுமுனை ஏற்காது. சுரங்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, பூமிக்கடியில் தனிக் கம்பி எதுவும் கிடையாது. உறைக்குள் உறை, அவ்வளவுதான்.

இந்த வேலையைச் செய்ய இன்று பலரும் எடுப்பது வயர்கார்டு என்ற மென்பொருளை. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது. லினக்ஸ் 5.6 பதிப்போடு சேர்ந்து 2020 மார்ச் 29 அன்று வெளிவந்தது. நம் நாட்டில் ஊரடங்கு தொடங்கி நான்கே நாள் ஆகியிருந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்து தொட வேண்டிய கட்டாயம் எல்லாருக்கும் வந்த நேரம். அதற்கு முன்னால் 2001இல் ஜேம்ஸ் யோனன் எழுதிய ஓப்பன் வி.பி.என். இன்னும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் விலை குறைந்த ரவுட்டரின் சின்னச் சிப்புக்கு அது பெரும் சுமை. 1990களில் வந்த பி.பி.டி.பி. என்ற பழைய முறை சில ரவுட்டர்களின் பட்டியலில் இன்னும் இருக்கிறது. அதன் பூட்டை உடைக்க முடியும் என்று 2012இலேயே செய்து காட்டிவிட்டார்கள். அதைத் தொடாதீர்கள்.

வயர்கார்டின் குணம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அது பேசாது. சாவி தப்பாக இருந்தால் 'தப்பு' என்று சொல்லாது. தெரியாத ஆள் கதவைத் தட்டினால் 'யார்' என்றும் கேட்காது. அறிமுகமில்லாதவர்களுக்கு அப்படி ஒரு வாசல் இருப்பதே தெரியக்கூடாது என்று வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார்கள். பாதுகாப்புக்கு அது நல்லது. பழுது பார்க்கிறவருக்குக் கிடைக்கும் ஒரே தடயம், கடைசி ஹேண்ட்ஷேக், அதாவது இரண்டு முனைகளும் சாவி பார்த்துக் கைகுலுக்கியது, எப்போது நடந்தது என்று ரவுட்டர் காட்டுகிற வரி. சுரங்கத்தில் போக்குவரத்து இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அது புதுப்பிக்கப்படும். அந்த வரி ஓடிக்கொண்டிருந்தால் சுரங்கம் நன்றாக இருக்கிறது, கோளாறு வேறெங்கோ. வரியே இல்லையென்றால் உறை மறுமுனைக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் ஏற்கப்படவில்லை. சாவி 44 எழுத்து நீளம்; கடைசி எழுத்து சமக்குறி. காப்பி செய்யும்போது விடுபடுவது பெரும்பாலும் அந்தச் சமக்குறிதான். முதலில் அதைப் பாருங்கள்.

எங்களுக்கு முதல் நாள் அந்த வரி வரவே இல்லை. சாவியை மூன்று முறை மாற்றினேன். சாவியில் கோளாறே இல்லை, முகவரியில்தான். குடோன் ரவுட்டர் தன் வெளிமுகவரி என்று காட்டியது 100.72 என்று தொடங்கும் எண். இணையத்தில் 'என் முகவரி என்ன' என்று கேட்டால் வந்தது வேறு எண். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்களை 2012இல் லைன் தரும் கம்பெனிகளின் உள்பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். பழைய முறையில் இருக்கிற முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோனது. அதனால் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான வீடுகளைக் குடிவைக்கிறார்கள். ஒரே கதவு எண்ணுள்ள பெரிய காம்பவுண்டு மாதிரி. உள்ளேயிருந்து நாம் கடிதம் போட்டால் பதில் நம்மைத் தேடி வரும். வெளியிலிருந்து புதிதாக ஒருவர் கடிதம் போட்டால் எந்த வீட்டுக்கு என்று வாசலில் இருப்பவருக்குத் தெரியாது; போட்டுவிடுவார் குப்பையில்.

இதற்கு ரவுட்டரில் எதைத் திருகினாலும் தீர்வு கிடையாது. லைன் கொடுத்தவரிடம் ஸ்டேட்டிக் ஐ.பி. என்ற மாறாத பொது முகவரியைக் கேட்டுக் கூடுதல் பணம் கட்டலாம். நாங்கள் அதைத்தான் செய்தோம். ஒரு முனைக்குப் பொது முகவரி இருந்தால் போதும், மற்ற முனை அதைத் தேடிப் போகும். இரண்டு பக்கமும் புதிய ஐ.பி. 6 முகவரி கிடைத்தால் அதிலேயே கட்டலாம். வெளிமுகவரி 192.168 என்று தொடங்கினால் அது இன்னொரு கதை: ஃபைபர்காரர் வைத்த பெட்டியும் ஒரு ரவுட்டர், நீங்கள் வாங்கி வைத்ததும் ஒரு ரவுட்டர். முன்பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

ஸ்டேட்டிக் ஐ.பி. வந்தது, ஹேண்ட்ஷேக் வரியும் வந்தது. டாலி மட்டும் திறக்கவில்லை. “மாப்ள, பச்சை லைட் எரியுதுல்ல, பிறகு என்ன?” என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்விதான். காரணம், குடோன் கம்ப்யூட்டரின் முகவரி 192.168.1.10. என் வீட்டு ரவுட்டரும் அதே 192.168.1 வரிசையைத்தான் தன் வீட்டுக்குள் கொடுத்துக்கொண்டிருந்தது. கடையில் வாங்கும் ரவுட்டர்களில் பெரும்பாலானவை 192.168.0 அல்லது 192.168.1 என்று அமைத்தபடியேதான் வருகின்றன. ஊர் பெயர் போடாமல் '10, தெற்குத் தெரு' என்று எழுதி ஸ்ரீவில்லிபுத்தூரில் தபாலில் சேர்த்தால் இங்கே இருக்கிற தெற்குத் தெருவுக்குத்தானே போகும்? என் கம்ப்யூட்டரும் 192.168.1.10ஐ வீட்டுக்குள்ளேயே தேடியது. சுரங்கத்தின் பக்கம் போகவே இல்லை.

வி.பி.என். போடும் முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான் என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன். ஒரு பக்கத்தின் வரிசையை மாற்றுங்கள். குடோனை 192.168.57 என்று மாற்றினோம்; யாரும் எளிதில் வைக்காத எண்ணாக இருப்பது நல்லது. மாற்றினால் பிரிண்டருக்கு, கேமரா பெட்டிக்கு என்று கையால் போட்ட முகவரிகளையும் மாற்ற வேண்டும். வயர்கார்டில் 'இந்த முகவரிகளுக்கெல்லாம் இந்தச் சாவி' என்று ஒரு பட்டியல் உண்டு, அதிலும் புது வரிசையை எழுத வேண்டும். அதோடு, விண்டோஸ் ஃபயர்வால் வேறு வரிசையிலிருந்து வருகிறவரை அந்நியராகத்தான் நினைக்கும். மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் போகவில்லையே என்று ரவுட்டரைத் திட்டுவதற்கு முன் அங்கே அனுமதி கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. பிங் போகிறது, குடோன் கம்ப்யூட்டரின் திரையை வீட்டில் காட்டும் ரிமோட் டெஸ்க்டாப்பில் பாஸ்வேர்டு கேட்கிற ஜன்னல் வருகிறது, உள்ளே போனதும் திரை உறைந்துவிடுகிறது. சின்னது போகும், பெரியது போகாது என்றால் கோளாறு அளவில்தான். அரைக்கிலோ பால்கோவாப் பெட்டி சரியாக நுழைகிற ஒரு பையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் போட்டால் பைக்குள் நுழையாது. சாதாரண லைனில் ஒரு தகவல் பொட்டலம் 1500 பைட் வரை இருக்கலாம். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணைகிற பி.பி.பி.ஓ.இ. லைனாக இருந்தால் அதில் 8 போய் 1492. வயர்கார்டு உறைக்குப் பழைய முகவரி முறையில் 60 பைட், புதியதில் 80. 1500இல் 80 போனால் 1420. அதைத்தான் வயர்கார்டு இயல்பாக வைக்கிறது. புதிய முறையில் கட்டிய சுரங்கத்துக்கு 1492இல் 80 போனால் 1412. எட்டு பைட்தான் வித்தியாசம், ஆனால் அந்த எட்டுக்குத்தான் திரை உறையும்.

சோதிப்பது சுலபம். 'துண்டாக்காதே' என்ற குறிப்போடு மறுமுனையின் வெளிமுகவரிக்குச் சுரங்கத்துக்கு வெளியே பிங் அனுப்பி, எந்த அளவு வரை பதில் வருகிறது என்று இறக்கிக்கொண்டே வாருங்கள். கிடைத்த எண்ணோடு 28ஐக் கூட்டினால் அந்த வழியின் உண்மையான அளவு. அதில் உறைக்கான 80ஐக் கழித்து, சுரங்கத்தின் எம்.டி.யு. என்ற கட்டத்தில் போட்டால் போதும். நேரமில்லை என்றால் 1380 என்று வைத்துப் பாருங்கள். திரை ஓடத் தொடங்கினால் கோளாறு அளவில்தான் என்று உறுதியாகிவிடும்.

சின்னக் கோளாறுகள் சிலவும் உண்டு. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் குடோனிலிருந்து வீட்டுப் பக்கம் எதுவும் வராது. நடுவில் இருக்கும் ரவுட்டர் நம்மை மறந்துவிடுவதுதான் காரணம். சும்மா இருக்கும்போதும் சின்னத் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கிற கீப்அலைவை 25 வினாடி என்று போடுங்கள். மறுமுனையை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதியிருந்தால், வயர்கார்டு அந்தப் பெயருக்குரிய எண்ணைத் தொடங்கும்போது மட்டும்தான் பார்க்கும். இடையில் எண் மாறினால் பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும்.

இவை எல்லாவற்றையும் தாண்டி என்னை ஒரு நாள் முழுக்க உட்காரவைத்தது கடிகாரம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் நிறுத்துகிற நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒன்று, ராஜபாளையத்துக்கு வேறொன்று. எங்கள் ஊரில் நிறுத்திய அன்று மாலை கரண்ட் வந்தது, லைனும் வந்தது, சுரங்கம் வரவில்லை. முந்தின நாள் வரை ஓடியது. யாரும் எதையும் தொடவில்லை. நின்றது ராஜபாளையத்தில் என்றால் இந்தத் தகராறு வருவதில்லை.

வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றில் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் இருக்கிறதே, காசு அளவு பேட்டரி, அது கிடையாது. கரண்ட் போனால் நேரமும் போய்விடும். எழுந்திருக்கும்போது சில ரவுட்டர்கள் 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொள்ளும். சில, கடைசியாக அமைப்பை மாற்றிய நாளிலிருந்து எண்ணத் தொடங்கும். வயர்கார்டில் ஹேண்ட்ஷேக் கேட்டுப் போகிறவர் தன் நேரத்தையும் பூட்டி அனுப்புகிறார். மறுமுனை அந்தச் சாவிக்காரரிடமிருந்து வந்த கடைசி நேரத்தை நினைவில் வைத்திருக்கும். அதைவிடப் பிந்திய நேரம் இருந்தால்தான் கதவைத் திறக்கும். நேற்றைய உறையை வழியில் திருடி வைத்திருந்து இன்று யாரும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த காவல். என் வீட்டு ரவுட்டர் மாதக்கணக்கில் பழைய தேதியோடு போய்த் தட்டியது. குடோன் ரவுட்டர் அதைத் திருட்டு உறை என்று நினைத்து, தன் வழக்கப்படி பேசாமல் இருந்துவிட்டது.

ரவுட்டர் இணையத்தில் சரியான நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். வாங்கும். ஆனால் வீட்டுப் போக்குவரத்து முழுவதையும் சுரங்கம் வழியாகவே அனுப்பும்படி நான் அமைத்திருந்தேன். நேரம் கேட்கப் போவதற்குச் சுரங்கம் திறக்க வேண்டும். சுரங்கம் திறப்பதற்கு நேரம் வேண்டும். நேரம் கேட்கிற போக்குவரத்தை மட்டும் சுரங்கத்துக்கு வெளியே விட்டதும், அடுத்த நிமிடம் ஹேண்ட்ஷேக் வரி வந்தது. பிறகு ரவுட்டருக்கென்று ஒரு குட்டி யு.பி.எஸ். வாங்கி வைத்தேன். ஓப்பன் வி.பி.என்.னிலும் கடிகாரம் இதே தொல்லையைத் தரும். அங்கே 'சான்றிதழ் இன்னும் அமலுக்கு வரவில்லை' என்றாவது வாய் திறந்து சொல்லும்.

இவ்வளவு பாடு எதற்கு, ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்துவிடலாமே என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். திறந்திருக்கும் அந்தப் போர்ட்டை உலகம் முழுக்கத் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் தேடித் தட்டுகின்றன. பாஸ்வேர்டு உடைந்தால் கணக்கு முழுவதையும் பூட்டிவைத்துப் பணம் கேட்பார்கள். வி.பி.என். சட்டவிரோதம் என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, பொதுமக்களுக்கு வி.பி.என். சேவை விற்கும் கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. சொந்த வீட்டுக்கும் சொந்தக் குடோனுக்கும் நடுவே போட்டுக்கொள்வதற்கு அதில் தடை எதுவும் இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சுரங்கம் நன்றாக ஓடுகிற நாளிலேயே இரண்டு ரவுட்டர்களின் அமைப்பையும் பேக்கப் எடுத்துவையுங்கள். வெளிமுகவரி, உள்முகவரி வரிசை, எம்.டி.யு. ஆகிய மூன்று எண்களையும் ஒரு சீட்டில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டுங்கள். ரகசியச் சாவியை மட்டும் அந்தச் சீட்டில் எழுதாதீர்கள், வாட்ஸ்ஆப்பிலும் அனுப்பாதீர்கள். கரண்ட் போய் வந்த நாளில் சுரங்கம் திறக்கவில்லை என்றால், சாவியைத் தொடுவதற்கு முன் ரவுட்டரில் இப்போது மணி என்ன என்று பாருங்கள்.