எலக்ட்ரிக் வயரைப் பார்த்து ரெயில் மேப் போட்டவர்!

29 வருட உழைப்பு. கடைசியில் மேப்பில் வேறொருவர் பெயர்

ஆலந்தூர் மெட்ரோ ரெயில் நிலையம். முதல் தடவை வருகிறவர்கள் கூட அங்கே திண்டாடுவதில்லை.

மேப்பில் ஒரு நீலக் கோடு, ஒரு பச்சைக் கோடு. "விமான நிலையத்துக்கு நீலம், கோயம்பேடுன்னா பச்சை. இங்கேதான் மாறணும்." அவ்வளவுதான்!

கோடு போட்டு, கலர் கொடுத்து, ஊரையே ஒரு தாளில் அடக்கும் இந்த வித்தை சும்மா வந்துவிடவில்லை. இதற்காக லண்டனில் ஒருவர் கிட்டத்தட்ட 30 வருடம் பாடுபட்டார். கடைசியில் ஏமாந்தும் போனார்.

அவர் பெயர் ஹாரி பெக்.

இடியாப்பச் சிக்கல்

1931-ம் ஆண்டு. லண்டன் பாதாள ரெயிலின் சிக்னல் பிரிவில் பெக் ஒரு சாதாரண வரைவாளர். 30 வயது கூட ஆகவில்லை. வேலையும் நிரந்தரம் இல்லை. "பணம் இல்லை, ஆளைக் குறை" என்று உத்தரவு வந்தால் முதலில் வீட்டுக்குப் போகிறவர்களில் அவரும் ஒருவர்.

அப்போதைய ரெயில் மேப்பைப் பார்த்தால் தலை சுற்றும். தரைக்கு மேலே ஊர் எப்படி இருக்கிறதோ, அதே கணக்கில் ரெயில் பாதையையும் போட்டிருந்தார்கள். கோடுகள் இடியாப்பம் மாதிரி வளைந்து நெளிந்து ஓடின. நகரின் நடுவில் ஸ்டேஷன் பெயர்கள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டன. புறநகர்ப் பக்கமோ வெறிச்சோடிக் கிடந்தது.

பொறி தட்டியது!

பெக் தினமும் வரைந்தது எலக்ட்ரிக் சர்க்கியூட் படங்கள். அந்தப் படத்தில் வயர் எத்தனை அடி நீளம், எந்த மூலையில் வளைகிறது என்பது முக்கியம் இல்லை. எது எதோடு சேருகிறது என்பதுதான் முக்கியம்.

பாதாள ரெயிலில் போகிறவருக்கும் அதேதானே! வெளியே கும்மிருட்டு. சுரங்கம் இடது பக்கம் வளைந்தால் என்ன, வலது பக்கம் வளைந்தால் என்ன? எந்த வண்டி, எங்கே மாறணும், எங்கே இறங்கணும்? இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் நோட்டுத் தாளை எடுத்தார். பென்சிலாலும் கலர் மையாலும் போட்டுத் தள்ளினார்.

கோடுகள் எல்லாம் நேர்க்கோடு. ஒன்று படுக்கை, அல்லது செங்குத்து, அல்லது 45 டிகிரி சாய்வு. நெருக்கமான நகர மையத்தைப் பெரிதாக்கினார். நீண்டு கிடந்த புறநகரைச் சுருக்கினார். பாதைக்கு ஒரு கலர். தரைக்கு மேலே உள்ளவற்றில் தேம்ஸ் நதியை மட்டும் விட்டுவைத்தார்.

திருப்பி அனுப்பினார்கள்

படத்தை ரெயில்வே விளம்பரப் பிரிவில் கொடுத்தார். அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். "தூரக் கணக்கே இல்லாத மேப்பா? ஜனங்கள் ஏற்க மாட்டார்கள்" என்பது அவர்கள் பயம்.

பெக் விடவில்லை. அடுத்த வருடம் மறுபடியும் கொடுத்தார். சரி, பார்க்கலாம் என்று 500 பிரதி அச்சடித்துச் சில ஸ்டேஷன்களில் கொடுத்தார்கள். ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள்!

1933 ஜனவரியில் 7 லட்சம் பிரதிகள் அச்சாயின. ஒரே மாதத்தில் மறுபடியும் அச்சடிக்க வேண்டி வந்தது. பெக்குக்குக் கிடைத்த சன்மானம் சில கினிகள்தான்.

அவருக்குக் குறும்பும் உண்டு. அதே வருடம் ஊழியர் பத்திரிகையில், ஸ்டேஷன் பெயர்களுக்குப் பதில் எலக்ட்ரிக் சமாசாரங்களை எழுதி ஒரு கேலி மேப் போட்டார். யோசனை எங்கிருந்து வந்தது என்று தானே சிரித்தபடி காட்டிவிட்டார்.

பெயர் போனது

பிறகு புதுப் பாதை, புது ஸ்டேஷன் வரும்போதெல்லாம் பெக்தான் திருத்தினார். லண்டன் அச்சுக்கலைப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே, வீட்டில் மேப்பையும் கட்டிக்கொண்டு அழுதார். தன்னைத் தவிர வேறு யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள் என்று நம்பியிருந்தார்.

1960-ல் வந்தது இடி! புது மேப் வெளியானது. அதில் இருந்த பெயர் ஹரால்ட் ஹச்சிசன். ரெயில்வே விளம்பர அதிகாரி. பெக்கின் பெயர் இல்லை.

பெக் கடிதம் எழுதினார், வாதாடினார். ஒன்றும் நடக்கவில்லை. ஹச்சிசன் மேப் ஜனங்களுக்கும் பிடிக்கவில்லை. 1964-ல் அதை மாற்றினார்கள். பால் கார்பட் என்பவர் பெக் பாணிக்கே திரும்பிப் போனார். ஆனால் பெக்கை மட்டும் கூப்பிடவில்லை.

1974-ல் பெக் கண்ணை மூடினார்.

செத்த பிறகு மரியாதை

1997 முதல் லண்டன் ரெயில் மேப்பில், இது ஹாரி பெக் 1931-ல் போட்ட படத்தில் இருந்து வளர்ந்தது என்று அச்சிட ஆரம்பித்தார்கள். அவர் இறந்து 23 வருடம் கழித்து!

2006-ல் பிரிட்டனின் சிறந்த வடிவமைப்பு எது என்று ஜனங்களிடம் ஓட்டு எடுத்தார்கள். முதல் இடம் கான்கார்டு விமானம். அடுத்த இடம் பெக்கின் ரெயில் மேப்!

இன்றைக்கு எல்லா ஊர் ரெயில் மேப்பும் கம்ப்யூட்டரில்தான் தயாராகிறது. சுட்டியை நகர்த்தினால் கோடு நகர்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் போடும் கோட்டிலும் அந்த வரைவாளரின் கணக்குதான் ஓடுகிறது: தூரம் வேண்டாம், எது எதோடு சேருகிறது என்று காட்டு.

பெக் முதலில் கிறுக்கிய அந்த நோட்டுத் தாள் எங்கே? லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது!