சாம்பல் மை கிடையாது

பழைய வார இதழ் ஒன்றில் வந்த கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் மேல் பூதக்கண்ணாடியை வைத்தால், முகம் காணாமல் போய்விடும். கன்னம் இருந்த இடத்தில் ரவையைவிடப் பொடியான புள்ளிகள், வரிசை பிசகாமல் நிற்கும். கூந்தல் பக்கம் போகப் போக அதே புள்ளிகள் பருத்து, ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் வெள்ளை மட்டும் ஊசிமுனை அளவுக்கு மிஞ்சியிருக்கும். கோலத்துக்கு வைத்த புள்ளி போல இடைவெளி ஒன்றுதான். பருமன்தான் வேறு வேறு. கண்ணாடியை எடுத்ததும் சிரித்த முகம் திரும்ப வந்துவிடும்.

அச்சு இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது. தாளில் மை படும், இல்லையென்றால் படாது. இந்த இரண்டை வைத்துக்கொண்டு கண்ணை ஏமாற்றிச் சாம்பலைக் காட்டும் வித்தைக்குப் பெயர்தான் ஹாஃப்டோன்.

இந்தப் புள்ளித் தோற்றம் இப்போது மறுபடியும் பிரபலம். சினிமா போஸ்டர், புத்தக அட்டை, டீ ஷர்ட் என்று எங்கும் ‘ரெட்ரோ’ புள்ளிகள். ஆனால் பாதிக்கு மேல் போலி என்று பார்த்த உடனே தெரிந்துவிடுகிறது. புகைப்படத்தின் மேல் கொசுவலையைப் போர்த்திய மாதிரி, புள்ளிகளுக்கு அடியில் அசல் படத்தின் சாம்பல் அப்படியே எட்டிப் பார்க்கும். பழைய அச்சில் அந்தச் சாம்பலுக்கு வழியே இல்லை.

புகைப்படத்தைக் கண்ணிகளாகப் பிரிக்க மெல்லிய துணியைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை, இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பாட் 1852இல் பெற்ற காப்புரிமையிலேயே இருக்கிறது. 1880 மார்ச் 4ஆம் தேதி நியூயார்க்கின் ‘டெய்லி கிராஃபிக்’ நாளிதழ், அந்நகரக் குடிசைப் பகுதி ஒன்றின் புகைப்படத்தை ஹாஃப்டோன் முறையில் அச்சிட்டது. பிறகு பிலடெல்ஃபியாவின் லெவி சகோதரர்கள், நெருக்கமாகக் கோடு கீறிய இரண்டு கண்ணாடிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, துல்லியமான திரைகளைச் செய்து விற்றார்கள். கேமராவுக்குள் அந்தத் திரையை வைத்து எடுத்த நெகட்டிவிலிருந்து செம்பிலோ துத்தநாகத்திலோ அரித்து எடுப்பதுதான், நம் அச்சகங்களில் ‘பிளாக்’ என்று அழைக்கப்பட்டது.

இந்தக் கலையில் கல்கத்தாவுக்கும் பெரிய இடம் உண்டு. தன் ஓவியங்கள் அச்சில் சிதைந்து வந்ததைப் பொறுக்காத உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி, இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்து 1895இல் தானே பிளாக் செய்ய இறங்கினார். திரைக் கோணங்களைப் பற்றி லண்டனின் பென்ரோஸ் ஆண்டு மலரில் கட்டுரைகள் எழுதினார். இவருடைய பேரன்தான் சத்யஜித் ராய்.

சரி, கணினியில் இதைச் செய்வது எப்படி? ஃபோட்டோஷாப்பில் நேர்மையான வழி, சாம்பலை முழுதாகத் துடைத்துவிடுகிற வழிதான். படத்தை முதலில் கிரேஸ்கேலுக்கு மாற்ற வேண்டும். பின்னணியை வெட்டி எறிந்து, கான்ட்ராஸ்டைக் கூட்ட வேண்டும். அந்தக் காலப் பத்திரிகை ஓவியர்களும் வெள்ளைப் பெயின்ட்டைத் தொட்டு இதைத்தான் செய்தார்கள். அடுத்து ‘பிட்மேப்’ மோடு. அதில் ‘ஹாஃப்டோன் ஸ்கிரீன்’. மூன்று கேள்விகள் வரும்: ஒரு அங்குலத்துக்கு எத்தனை வரிசை, என்ன கோணம், என்ன வடிவம்.

தோற்றத்தைத் தீர்மானிப்பது முதல் கேள்விதான். செய்தித்தாளுக்கு 85 வரிசை, வழவழப்பான இதழ்களுக்கு 133 அல்லது 150 என்பது அச்சகக் கணக்கு. அதே எண்ணைக் கொடுத்தால் திரையில் புள்ளியே தெரியாது. 8 அங்குல அகலமுள்ள படத்துக்கு 30 கொடுத்துப் பார்க்கலாம். குறுக்கே சுமார் 240 புள்ளிகள் வரும், முகமும் தெரியும், புள்ளியும் தெரியும். ரெசல்யூஷனை 600 என்று வைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் 20 பிக்சல் அகல இடம் கிடைத்து, வட்டம் வட்டமாகவே இருக்கும். 72இல் விட்டுவிட்டால் புள்ளிக்குப் பதில் உடைந்த செங்கல்தான் வரும்.

கோணம் 45. கிடையாகவும் செங்குத்தாகவும் ஓடும் வரிசைகளைக் கண் சட்டென்று பிடித்துவிடும், சாய்த்தால் ஏமாறும்.

இப்படி வரும் புள்ளிகள் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கும். மட்டமான தாளில் மை ஊறிப் பரவுமே, அது இதில் இல்லை. படத்தைத் திரும்பக் கிரேஸ்கேலுக்குக் கொண்டுவந்து, இரண்டு பிக்சல் அளவுக்கு மங்கலாக்கி, லெவல்ஸில் மறுபடி இறுக்கினால், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பழுப்புத் தாளின் ஸ்கேன் ஒன்றை அடியில் வைத்து, மேலே இதை ‘மல்டிப்ளை’ முறையில் போட்டால் மை தாளில் இறங்கிவிடும். காசு கொடுக்காமல் செய்ய வேண்டுமென்றால் கிம்ப் மென்பொருளின் ‘நியூஸ்பிரின்ட்’ ஃபில்டர் இருக்கிறது.

வண்ணப் படம் என்றால் நான்கு மை, நான்கு கோணம்: கறுப்பு 45, மெஜந்தா 75, சயான் 15, கண்ணுக்கு அதிகம் உறுத்தாத மஞ்சளுக்கு 0. கோணங்கள் தப்பினால், இரட்டைக் கொசுவலையில் ஓடுவது போல அலை அலையாக ஒரு கோலம் படம் முழுக்கப் படரும். ஃபோட்டோஷாப்பின் ‘கலர் ஹாஃப்டோன்’ ஃபில்டரைத் திறந்தால் 108, 162, 90, 45 என்று எண்கள் நிற்கும். மிரள வேண்டாம், முதல் மூன்றிலும் 90ஐக் கழித்தால் 18, 72, 0. பழைய அச்சகக் கோணங்களுக்குப் பக்கத்து வீடுதான். ஆனால் அதற்கு முன் படத்தைச் சிஎம்ஒய்கே முறைக்கு மாற்றிவிட வேண்டும். ஆர்ஜிபியில் மூன்றே சானல்; கறுப்புக்குத் தனித் தட்டு இருக்காது. மாற்றிய பிறகு மெஜந்தா சானலை மட்டும் இரண்டு மூன்று பிக்சல் நகர்த்தினால், உதட்டுச் சாயம் உதட்டைத் தாண்டி நிற்கும். அந்தக் காலத்தில் அச்சகத்தில் திட்டு வாங்கித் தந்த பிழை, இன்று அழகு.

காமிக்ஸ் பாணியில் வரைந்த ராய் லிச்சென்ஸ்டைனின் ஓவியங்களையும் பலர் ஹாஃப்டோன் என்றே சொல்கிறார்கள். அவர் வரைந்தவை ‘பென்டே’ புள்ளிகள். ஒரு பரப்பில் எல்லாப் புள்ளிக்கும் ஒரே பருமன். காமிக்ஸில் வெற்றிடத்தை நிரப்பப் பயன்பட்டவை. புகைப்படத்தின் நிழல் வெளிச்சம் அவற்றில் வராது.

செய்து முடித்த படத்தை 100 சதவீத அளவில் பார்த்தே மதிப்பிடுங்கள்; சுருக்கிப் பார்த்தால் இல்லாத அலைகள் தெரியும். எந்த அளவில் பயன்படப் போகிறது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டு, பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் போட்டோவாக அனுப்பாதீர்கள், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் பாடுபட்டுத் துரத்திய சாம்பல், போய்ச் சேரும்போது புள்ளிகளுக்கு நடுவே மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும்.