எவர்சில்வர் பாத்திரம் வாங்குவோர் கவனத்திற்கு

நம் அங்கத்தினர் இல்லங்களில் ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரங்கள் பெரும்பாலும் பரணில் ஏறிவிட்டன. அடுப்படியில் இன்று எவர்சில்வரே ஆட்சி செய்கிறது. பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது பாத்திரக் கடையில் செலவாகும் தொகை சிறிதன்று. தறியிலும் வயலிலும் ஈட்டிய அப்பணம் எதற்குச் செல்கிறது என்பதை அறிந்து வாங்குதல் அவசியமாகும்.

பெயரில் ‘சில்வர்’ இருப்பினும் இதில் வெள்ளி சிறிதும் இல்லை. இது குரோமியம் கலந்த எஃகு. நூற்றுக்குப் பத்தரைப் பங்கேனும் குரோமியம் இருந்தால், கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலம் மேலே படிந்து துருவைத் தடுக்கும். கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் அப்படலம் மீண்டும் தானே உண்டாகிவிடும்.

304 என்னும் தரத்தில் குரோமியம் ஏறத்தாழ 18 பங்கும் நிக்கல் 8 பங்கும் உள்ளன. நிக்கல் விலை மிகுந்த உலோகம். ஆகவே, மலிவான 200 வரிசைத் தரங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்க்கின்றனர். பளபளப்பில் இரண்டும் ஒன்றேபோல் தோன்றும். உப்பும் புளியும் நாள்தோறும் பட்டு வரும்போது முதலில் புள்ளி விழுவது மலிவுத் தரத்தில்தான்.

பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர்ப் பகுதி அங்கத்தினருள் சிலர் தாம்பரம் கடைத்தெருவுக்குச் செல்லும்போது காந்தத் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டு செல்கின்றனர். காந்தம் ஒட்டாவிடில் உயர்ந்த சரக்கு என்பது அவர்கள் எண்ணம். இச்சோதனை நம்பத்தக்கதன்று. 304 தரத்தில் காந்தம் ஒட்டாது. மாங்கனீசு கலந்த மலிவுத் தரத்திலும் ஒட்டாது! நிக்கல் இல்லாத 430 தரத்திலோ நன்றாக ஒட்டும்; எனினும் தட்டு, மூடி போன்றவற்றுக்கு அது ஏற்றதே. இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்போர்க்குக் காந்தம் ஒட்டும் அடியுள்ள பாத்திரமே வேண்டும்.

‘சேலம் தகடு’ என்று கடைக்காரர் கூறுவதும் போதிய சான்றாகாது. 1981 இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலை பல தரங்களிலும் தகடு செய்துள்ளது. தரத்தின் எண்ணை ரசீதில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் அப்பொருளை வாங்காதிருப்பதே மேல். எவர்சில்வர்ப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024 மார்ச்சில் பிறப்பித்தது; அம்முத்திரையையும் தேடிப் பாருங்கள். சங்கப் பண்டகசாலை மொத்தமாகக் கொள்முதல் செய்யுமாயின், மாங்கனீசு மிகுந்த தகட்டைச் செந்நிறத்தால் காட்டும் சோதனைத் திரவம் ஒரு புட்டி வாங்கி வைப்பது நன்று.

நெசவாளர்க்கு மற்றொரு சொல். பழைய பட்டுப்புடவைக்குப் பாத்திரம் தருவோர் நாடுவது சரிகையிலுள்ள வெள்ளியை. சரிகையின் மதிப்பை விசாரித்தறியாமல் ஒரு தூக்குச்சட்டிக்காகப் புடவையைக் கொடுத்துவிடலாகாது.

எவர்சில்வர் வெப்பத்தை மெதுவாகவே பரப்பும். ஆகையால் மெல்லிய அடியுள்ள பாத்திரத்தில் பால் எளிதில் அடிப்பிடிக்கும். செம்போ அலுமினியமோ பொருத்திய கனத்த அடியுள்ளதை வாங்குக.

உப்பைக் குளிர்ந்த நீரில் இட்டால் அது அடியில் தங்கிக் குழிப்புள்ளிகளை உண்டாக்கும். நீர் கொதித்தபின் இட்டுக் கலக்க வேண்டும். ஊறுகாயை இதில் நெடுநாள் வைக்கலாகாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஊற வைத்தலும் கேடு. இரும்புக் கம்பிச் சுருளால் தேய்த்தால் அதன் துகள்கள் ஒட்டித் துருவேறும். தேங்காய் நாரே போதும். ஆழ்துளைக் கிணற்று நீரால் படியும் வெண்படிவத்தையும், மிகுந்த சூட்டால் தோன்றும் வானவில் நிறத்தையும் புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ போக்கிவிடும். கழுவியதும் துணியால் துடைத்துவைத்தால் வெண்படிவம் அவ்வளவாகப் படியாது.