கை கழுவுவதைக் கைகழுவி விடுவோமா?

“சுத்தம் சோறு போடும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது சோறு போடுவதோடு நில்லாமல் உயிரையும் காக்கும் என்பதை 2020-ஆம் ஆண்டு நமக்குக் கற்பித்தது. கற்றதில் இன்று எவ்வளவு மிச்சம் இருக்கிறது? இனி எவ்வளவு நிற்கும்? தோழியரே, இதைத்தான் இங்கே சற்று எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

நம் பள்ளி அலுவலக வாசலில் ஓர் இரும்புத் தாங்கி நிற்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். காலால் மிதித்தால் மேலே உள்ள குப்பியிலிருந்து உள்ளங்கையில் கிருமிநாசினி விழும். நாம் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அதை மிதிப்பதற்கென்றே அந்தப் பக்கம் இரண்டு முறை சுற்றி வந்து சிஸ்டரிடம் திட்டு வாங்கியதுண்டு. இன்று அதில் குப்பி இல்லை. மழை நாட்களில் குடை மாட்டுகிறோம். இவ்வாண்டு சேர்ந்த சின்னத் தங்கைகளிடம் கேட்டுப் பாருங்கள், குடை மாட்டுவதற்காகவே அதைச் செய்தார்கள் என்று சாதிப்பார்கள்!

2020 மார்ச்சில் பள்ளி மூடப்பட்டபோது நாம் நான்காம் வகுப்பு. அம்மாதம் 25-ஆம் தேதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. 2021 நவம்பர் 1 அன்று பள்ளி திறந்தபோது ஆறாம் வகுப்பு. இடையில் ஐந்தாம் வகுப்பு என்று ஒன்று அப்பாவின் கைப்பேசித் திரையில் மட்டும் நடந்து முடிந்தது. அந்நாட்களில் வீடுகளில் நடந்தவற்றை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. பால் பாக்கெட்டைக் குளிப்பாட்டினோம். கத்தரிக்காயைச் சோப்பு நீரில் ஊற வைத்தோம். ரூபாய் நோட்டுக்கு இஸ்திரி போட்ட மாமாக்களும் உண்டு. சிரிப்புக்கே இடமில்லாமற் போன வீடுகளும் நம் வகுப்பில் இருக்கின்றன. அதை விரித்து எழுத மனம் வரவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனாவுக்கான அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது. அதற்கு வெகுநாள் முன்பே முகக்கவசம் தாடைக்கு இறங்கி, தாடையிலிருந்து பைக்குள் போய், பையிலிருந்து காணாமற் போய்விட்டது.

பழக்கம் நிற்பதற்கு அறிவு இருந்தால் போதுமா? அறிவுக்கு நம்மிடம் குறைவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் கார்பன் பாடத்திலேயே சோப்பைப் பற்றிப் படிக்கிறோம். சோப்பின் மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு நீண்ட வாலும் உண்டு. தலை நீரை நாடும். வால் எண்ணெயை நாடும். கொரோனா கிருமியைச் சுற்றியிருப்பது கொழுப்பாலான மெல்லிய உறை. சோப்பின் வால்கள் அந்த உறைக்குள் புகுந்து அதைப் பிளந்துவிடுகின்றன. உறையே இல்லாத வயிற்றுப்போக்குக் கிருமிகளும் உண்டு. அவற்றை நுரையும் தேய்ப்பும் தோலிலிருந்து பிரித்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும். இதற்கெல்லாம் சற்று நேரம் பிடிக்கும். அதனால்தான் 20 விநாடி என்றார்கள். தேர்வில் இக்கேள்வி வந்தால் படம் வரைந்து பாகம் குறித்து முழு மதிப்பெண் வாங்கிவிடுவோம். மதிய மணி அடித்ததும் விரல் நுனியை நனைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு ஓடுவதும் நாம்தான்.

அறிவு மட்டும் போதாது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் பணியாற்றினார். அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றை மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் கவனித்தார்கள்; மற்றொன்றை மருத்துவச்சிகள். மருத்துவச்சிகளின் பிரிவைவிட மருத்துவர்களின் பிரிவில்தான் தாய்மார்கள் அதிகமாக இறந்தார்கள்! 1847 ஏப்ரலில் அங்கே 100 பேருக்குச் சுமார் 18 பேர் மாண்டனர். பிணங்களை அறுத்துப் படித்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று செம்மல்வைஸ் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பிறகே உள்ளே வரவேண்டும் என்றார். மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. ஜூனில் இறப்பு 100-க்குச் சுமார் 2 ஆகிவிட்டது. இதைவிடச் சான்று என்ன வேண்டும்? ஆயினும் பெரிய மருத்துவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. 1850-இல் அவர் வியன்னாவை விட்டே போய்விட்டார். ஒரு தொட்டி நீரில் கையை நனைப்பது கடினமான வேலையன்று. இத்தனை நாள் தாய்மாரைக் கொன்றது தங்கள் கைதான் என்று ஒப்புக்கொள்வதே அவர்களுக்குக் கடினமாக இருந்திருக்க வேண்டும்.

பயம் போதுமா என்றால், அதுவும் போதாது. 1918-இல் பரவிய இன்புளுயன்சாக் காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் அவ்வாண்டு அக்டோபரில் அனைவரும் முகக்கவசம் அணியவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நவம்பர் 21 நண்பகலில் சங்கு ஊதியதும் மக்கள் தெருவிலேயே கவசத்தைக் கழற்றி எறிந்து கொண்டாடினார்கள். காய்ச்சல் மீண்டும் தலைதூக்கியது. 1919 ஜனவரியில் மறுபடி சட்டம் வந்தபோது, கவசத்தை எதிர்ப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். பயம் போன வழியே பழக்கமும் போயிற்று.

அப்படியானால் நிற்கும் பழக்கம் எது? அதற்குச் சான் பிரான்சிஸ்கோ வரை போகவேண்டாம். நம் தெருவிலேயே இருக்கிறது.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகுவதை நாம் பார்த்திருக்கிறோம். பெரியம்மை இந்தியாவிலிருந்து 1975-இல் ஒழிந்தது. உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது என்று 1980-இல் அறிவித்தார்கள். வேப்பிலை மட்டும் போகவில்லை. சின்னம்மை வந்தால் இன்றும் வாசலுக்கு வந்துவிடுகிறது. அதைக் கண்டதும் பால்காரர் வாசலோடு நிற்பார். விருந்தாளி, “அப்புறம் வருகிறேன்” என்று திரும்பிவிடுவார். உள்ளே வராதே என்று யாரும் யாரையும் சொல்ல வேண்டியதில்லை. வராததற்கு யாரும் வருந்துவதுமில்லை. மூன்று தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பமாட்டார்கள். ஏன் வரவில்லை என்று எந்த ஆசிரியையும் கேட்கமாட்டார். இலைக்கு மருந்துக் குணம் உண்டா என்பது வேறு விஷயம். ‘இந்த வீட்டில் நோய் இருக்கிறது, சிலநாள் பொறுத்து வாருங்கள்’ என்ற செய்தியை அது சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது விளங்குகிறது.

அண்ணாந்து குடிப்பதும் அப்படித்தான். உதடு படாமல் தண்ணீர் குடிக்க நமக்கு எந்தச் சட்டமும் சொல்லித் தரவில்லை. மூன்று வயதில் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டு பழகினோம். வீட்டில் எல்லாருக்கும் ஒரே சொம்பு என்பதால் பழகித்தான் ஆகவேண்டியிருந்தது.

இவை இரண்டும் நிலைத்ததற்குக் காரணம் பயமன்று. கண்ணுக்குத் தெரியும்படி ஒரு பொருள் அங்கே இருக்கிறது. அதன் பொருள் என்ன என்பதில் ஊரார் எல்லாருக்கும் ஒரே மனம் இருக்கிறது. வெறும் சட்டத்தால் மட்டும் பழக்கம் வருமென்றால், பொது இடத்தில் எச்சில் துப்புவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2002-லேயே சட்டம் வந்துவிட்டதே! பேருந்து நிலையச் சுவர்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

நம் பள்ளியிலேயே இதைக் கண்டோம். 2021-இல் விளையாட்டுத் திடலின் ஓரத்தில் வரிசையாகக் குழாய்கள் போட்டார்கள். அங்கே சோப்பு வைத்தால் மறுநாள் இருப்பதில்லை. இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்து அக்காமார் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெங்காயம் வாங்கும் வலைப்பையில் சோப்பைப் போட்டு ஒவ்வொரு குழாயிலும் கட்டித் தொங்கவிட்டார்கள். தொங்கிய நாட்களில் நம் வகுப்பே வரிசையில் நின்று நுரை வரக் கழுவியது. சோப்புத் தீர்ந்து வெறும் வலை ஆடிய நாட்களில் அதே வகுப்பு அதே குழாயில் விரல் நுனியை நனைத்தது. ஒரே மாதத்தில் நாம் நல்லவர்களாகவும் கெட்டவர்களாகவும் மாறவில்லை. சோப்பு இருந்தது, இல்லை, அவ்வளவுதான். தண்ணீரும் அப்படியே. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற வீட்டாரிடம் போய் 20 விநாடி குழாயைத் திறந்து வையுங்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

இடைவெளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020-இன் தொடக்கத்தில் ‘சமூக இடைவெளி’ என்றார்கள். பிறகு அந்தச் சொல் சரியன்று, ‘தனிமனித இடைவெளி’ என்று சொல்லவேண்டும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனமும் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே, விலக வேண்டியது உடலளவில்தான், உறவில் அன்று என்று விளக்கியது. மற்ற நாட்டாருக்கு எப்படியோ, நம் நாட்டில் இந்தத் திருத்தம் மிகத் தேவை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்து வாசலில் நிற்க வைத்த வீடுகள் இருந்தன. நோய் போனபின்னும் சில வீடுகளில் அந்த டம்ளர் போகவில்லை. உண்மையைச் சொன்னால், நோய் வருவதற்கு முன்பும் அது அங்கே இருந்தது. இந்த ஒரு பழக்கம் நிலைக்காமல் ஒழிந்தால் நமக்கு வருத்தமில்லை.

பாலாடையைத் திரட்டுவதுபோல் எது தேவை, எது வீண் என்று இப்போது பிரித்தெடுக்க முடிகிறது. கொரோனா பெரும்பாலும் காற்றின் வழியே பரவியது என்பதை விஞ்ஞானிகள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே பால் பாக்கெட்டின் குளியலை நிறுத்தியது சரியே. கை கழுவுவது மற்ற நோய்களுக்காகத் தொடரவேண்டியது. ஆனால் நாம் முதலில் கைவிட்டிருக்கக் கூடாதவை வேறு மூன்று: சன்னலைத் திறந்து வைப்பது, இருமல் உள்ளபோது கவசம் அணிவது, காய்ச்சல் என்றால் வீட்டில் இருப்பது. இவற்றின் வலிமைக்கு ஓர் அதிசயச் சான்று உண்டு. இன்புளுயன்சாவில் ‘பி யமகட்டா’ என்றொரு வகை இருந்தது. உலகமே வீட்டுக்குள் அடைந்திருந்த 2020 மார்ச்சுக்குப் பிறகு அது எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. 2023-இல் அதைத் தடுப்பூசியிலிருந்தே நீக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. யாரும் குறி வைக்காத ஒரு கிருமி, நாம் ஒருவர்மேல் ஒருவர் இருமாமல் இருந்ததாலேயே மறைந்துவிட்டது போலும்.

இங்கேதான் சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆண்டு விழாவில் ஒரு நாளும் விடுப்பு எடுக்காத மாணவிக்கு எவர்சில்வர் டிபன் டப்பா பரிசு உண்டு. சென்ற ஆண்டு நவம்பரில் நம்மில் ஒருத்தி அந்தப் பரிசுக்காகக் காய்ச்சலை மாத்திரையால் அமுக்கிவிட்டு வந்தாள். சாரல் அடிக்கிறதென்று சன்னல்களைச் சாத்தியிருந்தோம். மூன்று நாள் இருமினாள். கவசம் அணிந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அதையும் அணியவில்லை. அடுத்த வாரம் அவள் பெஞ்சுத் தோழிக்குக் காய்ச்சல். அதற்கடுத்து அத்தோழியின் பாட்டிக்கு. பாட்டி இளைப்பு நோய்க்காரர். பத்து நாள் மருத்துவமனையில் பிராணவாயு வைத்திருந்து, கடவுள் கிருபையால் வீடு திரும்பினார். மழைக்காலத்தில் இருமல் எங்கிருந்தும் வரலாம். யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் அறுதியிட முடியாது. அத்தோழி ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. பரிசு வாங்கியவள் அந்த டப்பாவை இன்றுவரை பள்ளிக்குக் கொண்டு வந்ததில்லை.

அம்மை கண்டால் விடுப்பு. இருமல் வந்தால் வருகை. இந்த வேறுபாடு ஏன் என்று பத்தாம் வகுப்பினர் தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் போய்க் கேட்டோம். காய்ச்சலுக்காக வீட்டில் தங்கிய நாளை அந்தப் பரிசுக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாமா என்றும் கேட்டோம். சிஸ்டர் உடனே சரியென்று சொல்லவில்லை. பொய்க் காய்ச்சல் வருமே என்றார்கள். வரும்தான், நம்மைப் பற்றி நமக்குத் தெரியாதா! பிறகு சற்று யோசித்து, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் வைத்துப் பேசுவோம் என்றார்கள். அந்தக் கூட்டம் ஆண்டு விழாவுக்கு அடுத்த வாரம். இம்மலரை வீட்டில் படித்துக்கொண்டிருக்கும் அப்பா அம்மாமார்களே, இம்முறை தவறாமல் வந்துவிடுங்கள்.