வாங்கும் பக்கமும் விற்கும் பக்கமும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் பலர் நெடுங்காலமாகக் கடை நடத்தி வருகின்றனர். அங்கே சரக்கைக் கொள்முதல் செய்பவரின் கண் வேறு. சரக்குக்காரருக்காக விலை பேசும் தரகரின் கண் வேறு. நிதித் தொழிலிலும் இவ்விரு கண்கள் உண்டு. பிறர் பணத்தைப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் இட்டுப் பேணுவது நிதி நிர்வாகம். அது வாங்குவோர் பக்கம். நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் மூலதனம் திரட்டத் துணை நிற்பது முதலீட்டு வங்கித் தொழில். அது விற்போர் பக்கம். முன்னதில் இரண்டு மூன்று ஆண்டுகள் பணியாற்றிய இளைஞர் பின்னதற்கு மாறலாமா என்பதே நாம் இங்கு ஆராயும் பொருள்.

அந்நகரிலேயே நல்லதோர் உதாரணம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம் அங்கிருந்து இயங்குகிறது. மக்கள் அதனைச் சுருக்கமாகக் கிஃப்பி என்பர். 2019 மார்ச்சில் இவ்வாரியம் ‘மசாலா பத்திரம்’ என வழங்கும் ரூபாய்க் கடன் பத்திரங்களை வெளிநாட்டில் விற்று, 2,150 கோடி ரூபாய் திரட்டியது. வட்டி நூற்றுக்கு 9.723, தவணை ஐந்து ஆண்டுகள். ஆண்டு வட்டி மட்டுமே ஏறக்குறைய 209 கோடி! அவ்வாண்டு மே 17-ஆம் நாள் லண்டன் பங்குச் சந்தையில் கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் மணியடித்து வணிகத்தைத் தொடங்கி வைத்தார். 2024 மார்ச்சில் கடன் திருப்பிச் செலுத்தப்பட்டது.

இப்பத்திரத்தை வாங்க வந்த நிதி நிர்வாகி என்ன கேட்டிருப்பார்? பணம் எங்கிருந்து திரும்பி வரும்? ரூபாயின் மதிப்புச் சரிந்தால் நட்டம் யாருக்கு? இரண்டாவதற்கு விடை எளிது. பத்திரம் ரூபாயில் இருப்பதால் நட்டம் வாங்கியவருக்கே. அதற்கு ஈடாகத்தான் அவர் உயர்ந்த வட்டி கேட்கிறார். முதற் கேள்விக்கோ, மோட்டார் வாகன வரியில் ஒரு பங்கு, பெட்ரோலிய மேல்வரி, மாநில அரசின் உத்தரவாதம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். இக்கேள்விகள் எழுமுன்பே அவற்றுக்கு விடை எழுதி வைப்பது விற்போர் பக்கத்தாரின் வேலை. வாங்குவோர் நாற்காலியில் அமர்ந்து பழகியவருக்கு, கேள்வி எவ்விடத்தில் எழும் என்பது முன்னரே தெரியும். மாறுகிறவர் கையோடு கொண்டு செல்லும் முதல் இதுவே.

புதிதாகக் கற்க வேண்டியவையும் உள. ஆவணம் எழுதுதல், வழக்கறிஞருடனும் தணிக்கையாளருடனும் நாள் குறித்து வேலை வாங்குதல், வெளியாகாத செய்தியை வீட்டாரிடமும் சொல்லாதிருத்தல் ஆகியன அவை. நம் நாட்டில் பொது வெளியீட்டை நடத்தும் வங்கியாளர், உரிய விசாரணை செய்ததாகச் செபிக்குச் சான்று எழுதிக் கொடுக்க வேண்டும். கூலி கொடுப்பவர் விற்பவரே ஆயினும், கையொப்பத்தை நம்புகிறவர் வாங்குபவர். இந்த இக்கட்டைத் தாங்க மனமில்லாதவர் மாறாதிருப்பதே நன்று என்பது நம் கருத்து.

இரவு வேலை மிகுதி. பெரும்பாலும் மும்பைக்கே போக வேண்டும். படியிறங்கித் தொடங்கவும் நேரும். மூன்றாம் ஆண்டில் அது பொறுக்கத் தக்கது, பத்தாம் ஆண்டில் கடினம். விண்ணப்பம் அனுப்புமுன், செபியின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் வெளியீட்டு அறிக்கைகளுள் தமக்குத் தெரிந்த நிறுவனம் ஒன்றினுடையதை எடுத்து, ‘இடர்கள்’ என்னும் பகுதியை மூடி வைத்து, அதனைத் தாமே எழுதிப் பார்த்து ஒப்பிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.